அந்த 81 எங்கிருந்து வந்தது? கருக்கலைப்பு, கிறிஸ்தவ விசுவாசம், பெண்களின் மனநலம்

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சபைகளில், கல்யாணத்துக்கு முன் ஒரு தயாரிப்பு வகுப்பு உண்டு. கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு வந்துவிட வேண்டும். செட்டிநாட்டில் நான் பாடம் எடுக்கப் போகும் பங்கு ஒன்றில் சென்ற ஆண்டு எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உயிரின் மாண்பைப் பற்றிய தாள். பெரும்பாலும் நல்ல வரிகள். நடுவில் மட்டும் தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: "கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களில் 81 சதவீதம் பேர் மனநோய்க்கு ஆளாகிறார்கள் என ஆய்வு கூறுகிறது." யார் செய்த ஆய்வு, எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று எதுவும் இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம். "டீச்சர், அப்படியானால் எங்கள் அக்காவுக்கும் வந்துவிடுமா?" என்றாள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது தங்கியபோது, மாமியார் மருந்துக்கடையிலிருந்து மாத்திரை வாங்கிவரச் செய்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாராம். இரண்டு ஆண்டுகளாகின்றன. அக்கா பூசைக்கு வருகிறாள், நன்மை (பூசையில் தரும் திருவிருந்து அப்பம்) வாங்குவதில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, அந்த 81 எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண். கருவில் இருக்கும் உயிர் கடவுள் தந்தது என்று நம்புகிறவள். அப்படி நம்புவதால்தான், அந்த நம்பிக்கையின் பெயரில் ஒரு தவறான எண் எங்கள் பிள்ளைகள் கைக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எண் கற்பனையானதல்ல. 2011இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த பேராசிரியை பிரிசில்லா கோல்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1995 முதல் 2009 வரை வந்த 22 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது அது. மொத்தம் 8,77,181 பெண்கள். கருக்கலைப்புச் செய்துகொண்டவர்களுக்கு மனநலச் சிக்கல் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 81 சதவீதம் கூடுதல் என்பது அவருடைய முடிவு.

ஆபத்து 81 சதவீதம் கூடுவது வேறு, 81 சதவீதம் பேருக்கு நோய் வருவது வேறு. நூறு பெண்களில் பத்துப் பேருக்குப் பொதுவாகவே மனச்சோர்வு வரும் என்று வைத்துக்கொள்வோம். அது 81 சதவீதம் கூடினால் பதினெட்டுப் பேர் ஆகும். பதினெட்டுக்கும் எண்பத்தொன்றுக்கும் உள்ள தூரத்தைத் தாண்டித்தான் அந்த வரி எங்கள் தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் யார் தடுக்கி விழுந்தார்கள் என்று தெரியாது. வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவும் இல்லை.

81 சதவீதம் கூடுதல் என்ற அந்தக் கணக்காவது உறுதியானதா? கட்டுரை வந்தவுடன் அதே இதழுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 22 ஆய்வுகளில் பாதி கோல்மன் தாமே செய்தவை என்றார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, யாரை யாரோடு ஒப்பிட்டார் என்பது. விரும்பிக் கருத்தரித்து, ஊரே கூடி வளைகாப்பு நடத்திப் பெற்றெடுத்த பெண்ணையும், வேண்டாத நேரத்தில் கருத்தரித்துத் தவித்துக் கலைத்துக்கொண்ட பெண்ணையும் அருகருகே நிறுத்தினால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தில் கருக்கலைப்பின் பங்கு எவ்வளவு, தவிப்பின் பங்கு எவ்வளவு? நீர் நிறைந்த கண்மாயின் பாசனத்தில் நட்ட நாற்றையும் வறண்ட கண்மாயை நம்பி நட்ட நாற்றையும் பார்த்துவிட்டு, உரம்தான் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது இது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பிற்காலத்திலும் குரல்கள் எழுந்தன. இதழ் திரும்பப் பெறவில்லை.

அதே 2011 டிசம்பரில் பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு ஒரு பெரிய மீளாய்வை வெளியிட்டது. வேண்டாத கர்ப்பம் மனநலச் சிக்கலோடு தொடர்புடையதுதான் என்றது அது. ஆனால் அப்படிக் கருத்தரித்தவர்கள் கலைத்தாலும் பெற்றெடுத்தாலும் சிக்கலின் அளவு ஏறத்தாழ ஒன்றே. பின்னால் யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டிக் காட்டும் மிக வலுவான அடையாளம், அவருக்கு ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்ததா என்பதுதான்.

என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது டென்மார்க் ஆய்வு. அந்நாட்டில் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவும் அரசிடம் இருப்பதால் யாரையும் கேட்டு எழுத வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் கருக்கலைப்புச் செய்துகொண்ட 84,620 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு இது: கருக்கலைப்புக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் முதல் முறையாக மனநல மருத்துவரிடம் போனவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 14.6 பேர். பிந்தைய ஓராண்டில் 15.2 பேர். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் குழந்தையைப் பெற்ற பெண்களில் பிரசவத்துக்கு முன் 3.9 பேர், பின் 6.7 பேர்.

இந்த எண்களை யாரும் தமக்கு வேண்டியபடி வளைத்துவிடலாம். 15.2, 6.7 என்ற இரண்டை மட்டும் எடுத்தால், கருக்கலைப்பு மனநோயைத் தருகிறது என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கலாம். 3.9, 6.7 என்ற இரண்டை மட்டும் எடுத்தால், பிள்ளை பெறுவது மனநோயைத் தருகிறது என்று எதிர்த்தரப்பு அடிக்கலாம். இரண்டும் அரை உண்மை. நான்கு எண்களையும் சேர்த்து வைத்தால்தான் கலைக்க வந்த பெண்கள் வரும்போதே பாரத்தோடு வந்தார்கள் என்பது தெரிகிறது. அந்த 14.6 கருக்கலைப்புக்கு முந்தைய எண். அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன்பே ஏதோ சரியில்லை.

எதிர்த்திசையில் போகும் நேர்மையான ஆய்வும் உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977இல் பிறந்த 1,265 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அதை நடத்திய டேவிட் ஃபெர்குசன் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவானவர். ஆனாலும் கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களிடம் மனநலச் சிக்கல் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருப்பதாக 2008இல் எழுதினார். தம் நிலைப்பாட்டுக்கு ஒத்துவராத முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவரை மதிக்கிறேன். அவரே அடுத்ததையும் சொன்னார்: ஆய்வில் இருந்த எல்லாப் பெண்களிடமும் காணப்பட்ட மொத்தச் சிக்கல்களில் கருக்கலைப்பின் பங்கு 1.5 முதல் 5.5 சதவீதம் வரைதான்.

இன்னொன்று அமெரிக்காவில் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் நடந்தது. 21 மாநிலங்களில் 30 மருத்துவமனைகளுக்குக் கலைக்க வந்த சுமார் ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கால வரம்பு தாண்டிவிட்டதால் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஒப்பிட வேண்டியவர்களை ஒப்பிட்டது அதன் பலம், ஏனென்றால் இரு தரப்பினருமே வேண்டாத கர்ப்பத்தோடு வந்தவர்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பதற்றம் கூடுதலாக இருந்தது. ஓராண்டுக்குள் இரு தரப்பும் ஒரே நிலைக்கு வந்தன. கேட்கப்பட்டவர்களில் 37.5 சதவீதம் பேர்தான் ஆய்வில் சேரச் சம்மதித்தார்கள் என்பது அதன் பலவீனம். துயரம் மிகுந்தவர்கள் ஒதுங்கியிருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பெரும்பாலோருக்குக் கருக்கலைப்பு தனியாக ஒரு மனநோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஒரு பகுதிப் பெண்கள் உண்மையாகவே நெடுநாள் துயரப்படுகிறார்கள். முன்பே மனநலம் குன்றியவர்கள், பிறரால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், வேண்டும் என்று நினைத்த கருவை இழந்தவர்கள், யாரிடமும் சொல்ல முடியாமல் மறைத்து வைத்தவர்கள், தாங்கள் கொண்ட நம்பிக்கைக்கு எதிராகச் செய்துவிட்டோம் என்று எண்ணுகிறவர்கள். அந்தப் பெண்ணின் அக்காவை இந்த வரிசையில் எத்தனை இடத்தில் வைக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்த ஆய்வுச் சண்டை எப்படித் தொடங்கியது என்பதும் தெரிய வேண்டும். 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன், கருக்கலைப்பு பெண்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று அறிக்கை தரும்படி நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியைக் கேட்டார். அந்தப் பதவியில் இருந்தவர் எவரெட் கூப். குழந்தைகள் அறுவை மருத்துவர், பக்தியுள்ள சுவிசேஷக் கிறிஸ்தவர், கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். தம் தரப்புக்கு வேண்டியதை எழுதிக் கொடுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1989 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம், கிடைக்கும் ஆய்வுகளை வைத்து ஒரு பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. தம் விசுவாசத்தை அவர் கைவிடவில்லை. அந்த விசுவாசத்துக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை என்று அறிந்திருந்தார். பொய்ச் சாட்சி சொல்லாதே என்ற எட்டாவது கட்டளைக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் கேட்டதில்லை.

உண்மையில் திருச்சபையின் பழைய போதனையில் பெண்ணின் மனநோய் ஒரு வாதமாகவே வந்ததில்லை. முதல் நூற்றாண்டுகளின் டிடாக்கே என்ற சிறு நூலே கருவைக் கொல்வதைத் தடைசெய்கிறது. "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கு முன்னே உன்னை அறிந்தேன்" என்ற எரேமியாவின் வசனமும், 139ஆம் சங்கீதமும், மரியாள் வாழ்த்தியபோது எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதும் அந்த நம்பிக்கையின் வேர்கள். இடையில் விவாதங்களும் இருந்தன. கருவுக்கு ஆன்மா எப்போது வருகிறது என்பதில் பழைய இறையியலாளர்களான அகுஸ்தீனும் அக்குவினாவின் தோமாவும் உருவான கரு, உருவாகாத கரு என்று வேறுபாடு செய்தார்கள். இரண்டையும் கலைப்பது தவறு என்றாலும் குற்றத்தின் அளவு வேறு என்றார்கள். 1869இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அந்த வேறுபாட்டைத் திருச்சபையின் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கினார். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், சண்டையில் அடிபட்டுக் "கர்ப்பம் விழுந்துபோனால்" அடித்தவன் தண்டம் கட்ட வேண்டும் என்று வருவதை வைத்து யூத மரபு வேறு முடிவுக்குப் போனது. சீர்திருத்தச் சபைகளும் ஒரே குரலில் பேசியதில்லை. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபை 1971இல் நிறைவேற்றிய தீர்மானம், தாயின் உணர்வுக்கும் மனத்துக்கும் உடலுக்கும் கேடு வரும் என்றால் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கும்படி விசுவாசிகளைக் கேட்டது. 1980இல் அதே சபை நேர் எதிர்நிலைக்கு வந்தது.

கரு உயிரா, அதைக் கலைக்கலாமா என்பது அறநெறிக் கேள்வி. கலைத்த பெண் பிறகு நன்றாகத் தூங்குகிறாளா என்பது மருத்துவக் கேள்வி. முதலாவதற்கு இரண்டாவதிலிருந்து விடை வராது. ஒரு பெண் நிம்மதியாக இருப்பதால் செயல் சரியாகிவிடாது; அவள் அழுவதால் தவறாகிவிடவும் செய்யாது. இரண்டையும் குழப்பும்போது பெண்ணின் மனம் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. ஒரு தரப்புக்கு அவள் அழ வேண்டும், மறு தரப்புக்கு அவள் அழக்கூடாது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க நேரமில்லை.

அமெரிக்காவில் கருக்கலைப்பை உரிமையாக்கி 1973இல் வந்த தீர்ப்பு 2022 ஜூனில் மாற்றப்பட்டதையொட்டி இங்கேயும் தொலைக்காட்சியில் விவாதங்கள் நடந்தன. அவர்களுடைய சொற்களை அப்படியே எடுத்து வந்து பேசினார்கள். நம் சட்டம் வேறு. 1971இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் உரிமை என்ற இடத்திலிருந்து தொடங்கவில்லை. மருத்துவரின் கருத்திலிருந்து தொடங்குகிறது. பெண்ணின் உயிருக்கு ஆபத்து அல்லது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு என்பது அதில் முக்கியமான காரணம். பாலியல் வன்முறையால் கருவுற்றால் மனநலக் கேடு உண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கருத்தடை முறை தவறிப்போய்க் கருவுற்றாலும் அப்படி எடுத்துக்கொள்ளலாம். 2021 திருத்தம் கருத்தடை பற்றிய அந்தப் பகுதியில் "மணமான பெண் அல்லது அவருடைய கணவன்" என்று இருந்ததை "எந்தப் பெண்ணும் அல்லது அவருடைய துணையும்" என்று மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட நிலைகளில் இருப்பவர்களுக்கு 24 வாரம் வரை, இரு மருத்துவர்களின் கருத்தோடு. வயதுவந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே தேவை. கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாமியார் சம்மதித்து மருமகள் சம்மதிக்காத கருக்கலைப்புக்கு அதில் இடமே இல்லை.

இந்தச் சட்டத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் பார்த்தோம். 27 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் மாதவிலக்கு வராததால் கருவுற்றதே தெரியவில்லை. வழக்கு வரும்போது 26 வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் 9இல் அனுமதி கிடைத்தது. 11ஆம் தேதி அதே அமர்வின் இரு நீதிபதிகளும் வேறுபட்டார்கள். 16ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அனுமதி மறுத்தார்கள். என் விசுவாசத்தின்படி அந்தக் குழந்தை பிறக்க வேண்டியதுதான். ஆனால் தாளில் அச்சிடப்படும் கணக்கில் அந்தத் தாய் எங்கே இருக்கிறார்? அவருடைய மனநோய் பிள்ளை பெற்றதற்குப் பின்னால் வந்தது. அதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு வரிகூட இல்லை.

இங்கேதான் நமக்கு மிக அருகில் உள்ள ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு மனம் பதைத்த ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்குள்ள மருத்துவர்கள் தமிழகக் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைகொடுக்க ஆளில்லாதது. இது கருக்கலைப்பைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் காரணங்களைப் படியுங்கள். கலைக்கும்படி ஒரு பெண்ணைத் தள்ளுகிறவையும் பெரும்பாலும் இவைதானே?

செட்டிநாட்டில் மூன்று கட்டு வீடானாலும் ஓட்டு வீடானாலும், நாள் தள்ளிப்போனது முதலில் மாமியாருக்குத் தெரியும். முடிவும் பல நேரம் அங்கேயே எடுக்கப்படும். கணவன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். செல்பேசியில் "அம்மா சொல்கிறபடி செய்" என்பான். மருத்துவமனைக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரை வீட்டுக்கே வரும். இது நம் பக்கத்து வழக்கம் மட்டுமல்ல. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் திரட்டிய தகவலை வைத்து 2018இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த மதிப்பீட்டின்படி, 2015இல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன. அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால். அத்தனை பெண்களில் எத்தனை பேரை எதிரே உட்காரவைத்து, "உனக்குச் சம்மதமா?" என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள்?

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். 81 என்ற எண்ணுக்கு உன் அக்காவைப் பற்றி எதுவும் தெரியாது என்றேன். அக்கா தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறாளா, சாகலாம் என்று எப்போதாவது சொன்னாளா என்று கேட்டு வரச் சொன்னேன். அரசின் மனநல உதவி எண் 14416ஐத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

பிறகு நன்மை வாங்காததைப் பற்றிப் பேசினோம். 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் உயிரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. காயம் இன்னும் ஆறாமல் இருக்கலாம், நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அவர்களிடம் நேராகப் பேசுகிறார். கருக்கலைப்பைக் கண்டிக்கும் பக்கங்களைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பகுதியை ஒருமுறையும் கேட்டதில்லை. 2016 நவம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர், இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் போக வேண்டியதில்லை, ஊர்ச் சாமியாரிடமே பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யலாம். அதோடு, கடும் அச்சத்தால் கட்டாயப்படுத்தப்பட்டுச் செய்தவருக்குத் தானாக விழும் சபை விலக்குத் தண்டனை விழுவதில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. எவருடைய உதவி இல்லாமல் அது நடந்திருக்காதோ அவரையும் அந்தத் தண்டனை சேரும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அந்தக் கடைசி வரியில் அவள் நிமிர்ந்தாள். "அப்படியானால் அக்காவின் மாமியாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா, டீச்சர்?"

செய்ய வேண்டும் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். தாளை மறுபடி நாலாக மடித்து, எண் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி பையில் வைத்துக்கொண்டு தேவகோட்டை பஸ்ஸுக்குப் போனாள்.